ஆராய்ச்சிக் களஞ்சியத்தில் தேடும் முறை

பாடுபட்டு விளைவித்த நெல்லைக் களத்தில் விட்டுவிட்டு எந்தக் குடியானவரும் வீடு திரும்புவதில்லை. தூற்றி, அளந்து, மூட்டை கட்டி, வீட்டில் கொண்டுவந்து சேர்த்த பின்னரே அவர் மனம் அமைதியுறுகிறது. ஆனால் விஞ்ஞானிகள் பாடுபட்டு விளைவித்த அறிவோ பெரும்பகுதி இன்னும் களத்திலேயே குவிந்து கிடக்கிறது. அதனை வீடு சேர்ப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் மாநிலத்தில் வேளாண்மைக் கல்வி 1868 இல் சைதாப்பேட்டையில் தொடங்கியது. 1906 இல் அது கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்தது. 1971 இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. அங்கு உருவான டி.கே.எம். 6 என்னும் நெல் இரகம் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் உடையது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் பெற்றோர் இரகங்களுள் ஒன்றாகக் கொண்டு ஐ.ஆர். 20 என்னும் புகழ்பெற்ற நெல்லை உருவாக்கினர். கடல் கடந்த விஞ்ஞானிகள் திரூரின் உழைப்பை அறிந்து பயன் கொண்டனர். அதே மாவட்டத்தில் வாழும் பள்ளிப்பட்டு வட்டாரத்து மக்களாகிய நாம் அதனை அறியாதிருப்பது முறையாகுமா?

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஐயம் எழுந்தவுடன் அதில் இரண்டு சொற்களைத் தட்டிப் பார்ப்பதும், முதலில் வந்து நிற்கும் படக்காட்சியை நம்பிக் கடைக்குச் சென்று மருந்து வாங்குவதும் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்தால் பணமும் போகிறது, பயிரும் போகிறது. முதலில் வந்து நிற்பதெல்லாம் மெய்யாகிவிடாது. சந்தையில் உரக்கக் கூவுகிறவனிடம்தான் நல்ல விதை இருக்கும் என்று நாம் நம்புவதில்லை அல்லவா? அறிவைத் தேடும்போதும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

களஞ்சியம் என்பது யாது?

ஆராய்ச்சிக் கட்டுரைகள், பட்டத்திற்காக எழுதப்பெற்ற ஆய்வேடுகள், அரசாங்க அறிக்கைகள் ஆகியவற்றின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, சுருக்கம் முதலிய விவரங்களை ஒழுங்குபடுத்தி, வேண்டியபோது எடுக்குமாறு சேர்த்து வைத்திருக்கும் இடமே ஆராய்ச்சிக் களஞ்சியம். இதனைத் தரவுத்தளம் என்றும் இக்காலத்தில் கூறுவர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அட்டவணை இல்லையேல் மூலப் பத்திரத்தைக் கண்டெடுப்பது எத்துணைக் கடினம்! ஆராய்ச்சிக்கு அத்தகைய அட்டவணையே தரவுத்தளம்.

நமக்குப் பயன்படக் கூடியவை சில உள. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1974 இல் தொடங்கிய ‘ஆக்ரிஸ்’ உலகெங்கும் நடைபெறும் வேளாண் ஆராய்ச்சியின் அட்டவணையாகும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ‘கிருஷிகோஷ்’ என்பதில் நம் நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் உள்ளன. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’வில் பிற பல்கலைக்கழக ஆய்வேடுகளைக் காணலாம். ‘கூகுள் ஸ்காலர்’ என்பது ஆராய்ச்சி எழுத்துக்களை மட்டும் தேடித் தருவது. இவற்றைக் கட்டணமின்றியே பார்வையிடலாம். தமிழிலேயே படிக்க விரும்புவோர்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளமும், பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உதவும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே தேட வேண்டியுள்ளது. அதனால் மனம் தளர வேண்டியதில்லை. சொற்களை எழுதித் தரப் பள்ளி ஆசிரியரோ, நூலகரோ, வீட்டில் படிக்கும் பிள்ளையோ போதும். எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்தவர் விவசாயியே. அந்த அறிவு பிள்ளைக்கு இல்லை, பொறிக்கும் இல்லை.

கேள்வியைப் பகுத்துக் கொள்ளுதல்

தேடத் தொடங்குமுன் கேள்வியைத் தெளிவுபடுத்திக் கொள்வதே முதற் கடமை. “கடலை காய்கிறது, என்ன செய்வது?” என்பது முறையீடு, அது கேள்வியாகாது. இவ்விடத்தில் நம் தமிழகத்து அறிஞர் ஒருவரின் வழி நமக்குக் கைகொடுக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1924 முதல் நூலகராகப் பணிபுரிந்த சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் நூலக விஞ்ஞானத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்ற நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளாகப் பகுத்து நோக்கலாம் என்பது அவருடைய கொள்கை. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன அவ்வைந்து கூறுகள்.

இதனை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டு ஐந்து வினாக்களைக் காகிதத்தில் எழுதுவோம்.

1. எந்தப் பயிர்? நிலக்கடலை.
2. அதன் எப்பாகம்? இலை.
3. என்ன நேர்ந்தது? சிற்றிலைகள் கொப்புளம் போல் வெளுத்து, மடிந்து, நூலாம்படையால் ஒட்டிக் காய்கின்றன; உள்ளே சிறு புழு இருக்கிறது.
4. எவ்விடம்? மானாவாரிச் செம்மண் நிலம்.
5. எக்காலம்? விதைத்து ஒரு மாதம் கழித்து, மழை நின்று வறண்டிருக்கும்போது.

இவ்வளவு எழுதியதும் பாதி வேலை முடிந்தது. இக்குறிகளைக் கண்ட வேளாண் அலுவலர் எவரும் இது ‘சுருள் பூச்சி’ என்று கூறிவிடுவார். முறையீடு இப்போது கேள்வியாக உருவெடுத்துவிட்டது.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

தேடுவோர் பெரிதும் தவறும் இடம் இதுவே. களஞ்சியத்தில் உள்ள பொறி நாம் கொடுக்கும் சொல்லைப் பெரிதும் சொல்லாகவே பார்க்கும். நம் கருத்தை முற்றிலும் அறிந்துகொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது. நிலக்கடலையை நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்நட்’ என்று எழுதுவர். அமெரிக்கர் ‘பீநட்’ என்பர். ஒரு பெயரை மட்டும் கொடுத்தால் மற்றப் பெயரில் உள்ள கட்டுரைகள் நம் கண்ணில் படாமற் போகக்கூடும். கத்தரிக்காயும் அவ்வாறே ‘பிரிஞ்சால்’, ‘எக்பிளான்ட்’, ‘ஆபர்ஜீன்’ என மூன்று பெயர்களில் உலவுகிறது.

இச்சிக்கலைத் தீர்ப்பது விஞ்ஞானப் பெயர். நிலக்கடலைக்கு ‘அராக்கிஸ் ஹைப்போஜியா’ என்பதே உலகெங்கும் வழங்கும் பெயர். இப்பெயரைக் கொடுத்தால் அமெரிக்காவின் கட்டுரையும் ஆப்பிரிக்காவின் கட்டுரையும் நம் கைக்கு வரும். பூச்சிகளுக்கு இது இன்னும் இன்றியமையாதது. 2018 இல் நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டு மக்காச்சோளத்தை அழித்த புழுவைப் ‘படைப்புழு’ என்கிறோம். நெற்பயிரைக் கூட்டமாக வந்து மேயும் வேறொரு புழுவையும் அதே பெயரால் அழைப்பதுண்டு. முன்னது ‘ஸ்போடாப்டீரா ஃப்ரூஜிபெர்டா’. பின்னது ‘ஸ்போடாப்டீரா மாரிஷியா’. தமிழ்ப் பெயரை மட்டும் கொண்டு தேடியவர் ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குத் தெளிக்க நேரிடும்.

விஞ்ஞானப் பெயரும் காலத்தால் மாறுவதுண்டு. நிலக்கடலைச் சுருள் பூச்சி அண்மைக் காலக் கட்டுரைகளில் ‘அப்ரோயேரிமா மோடிசெல்லா’ என்று குறிக்கப்படுகிறது. பழைய கட்டுரைகளிலோ அதுவே ‘ஸ்டோமோப்டெரிக்ஸ் சப்செசிவெல்லா’. பழைய பெயரை விட்டுவிட்டால் நம் முன்னோடி விஞ்ஞானிகள் தமிழகத்து வயல்களில் கண்டறிந்தவை நமக்குக் கிட்டாமற் போகும்.

இரகத்தின் பெயரையும் கவனித்தல் வேண்டும். டி.கே.எம். என்பது திரூர்க்குப்பத்தையும், டி.எம்.வி. என்பது திண்டிவனத்தையும், வி.ஆர்.ஐ. என்பது விருத்தாசலத்தையும் குறிக்கும். இவ்வெழுத்துக்களுக்கும் எண்ணுக்கும் இடையே ஒருவர் இடைவெளி விடுவார். மற்றொருவர் சிறு கோடு இடுவார். வேறொருவர் சேர்த்தே எழுதுவார். மூன்று விதமாகவும் கொடுத்துத் தேடுக. நம் பக்கத்தில் ‘கிளிமூக்கு’ எனப்படும் மாம்பழம் ‘தோத்தாபுரி’ என்றும் ‘பெங்களூரா’ என்றும் வழங்குவதை மறத்தல் ஆகாது.

ஊரின் பெயரும் மாவட்டத்தின் பெயரும்

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இப்பகுதியைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். ஒரு பஞ்சாயத்து குடிநீர்க் கிணறு அமைக்க எண்ணுகிறது எனக் கொள்வோம். அவ்விடத்தில் முன்பு நீர்வளம் எவ்வாறு இருந்தது, பாறை எவ்வகையானது, ஏரி எப்போது உடைந்தது என்பன தெரிந்தால் பொதுப்பணம் வீணாகாது. அதற்குப் பழைய அறிக்கைகளைத் தேட வேண்டும். ‘திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு’ என்று கொடுத்தால் அண்மைக் கால அறிக்கைகளே பெரும்பாலும் வரும். ஏன்?

பள்ளிப்பட்டின் வரலாறு அத்தகையது. 1911 இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை இப்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் சித்தூரைச் சேர்ந்தது. வட எல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1959 ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் திருத்தணிப் பகுதியுடன் சென்னை மாநிலத்தில் சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997 இல்தான் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. ஆகவே ஒரே நிலத்தின் செய்திகள் நான்கு மாவட்டங்களின் பெயரில் சிதறிக் கிடக்கின்றன. 1881 இல் காக்ஸ் என்பவர் தொகுத்த கையேட்டை வடஆர்க்காட்டின் பெயரிலும், 1940 ஆம் ஆண்டின் அறிக்கையைச் சித்தூரின் பெயரிலும், 1975 ஆம் ஆண்டின் அறிக்கையைச் செங்கல்பட்டின் பெயரிலும் தேடினால்தான் கிடைக்கும்.

ஆற்றின் பெயரும் அப்படியே. நாம் கொசஸ்தலையாறு என்பதைக் கொற்றலையாறு என்றும் எழுதுவர்; ஆந்திர மாநில அறிக்கைகளில் ‘குசஸ்தலி’ என்று காணப்படும். மேலே அணை திறந்தால் கீழே நம் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. ஆதலால் எல்லைக்கு அப்பாலுள்ள அறிக்கைகளையும் நாம் படிப்பது அவசியம். பள்ளிப்பட்டு என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘பள்ளிபட்’ என்றும் ‘பள்ளிப்பெட்’ என்றும் ஒலிக்குமாறு பலவாறு எழுதியுள்ளனர். சென்னை அடையாற்றுப் பக்கத்திலும் ஒரு பள்ளிப்பட்டு உண்டு. எனவே ஊர்ப்பெயருடன் வட்டம், ஆறு ஆகியவற்றின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தல் நலம். நிலத்தடி நீர்க் கணக்கைத் தமிழ்நாட்டில் பிர்க்காவை அலகாகக் கொண்டு எடுக்கின்றனர். ஆகவே அதனைத் தேடும்போது சிற்றூரின் பெயரை விடுத்துப் பிர்க்காவின் பெயரையே கொடுக்க வேண்டும்.

எல்லையில் வாழ்வதால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. நம்மிடையே தெலுங்கு அறிந்தோர் பலர். கோவையைவிடத் திருப்பதி நமக்கு அண்மையில் உள்ளது. திருப்பதியிலும் கதிரியிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் நிலக்கடலையை ஆராய்ந்து வருகின்றன. ‘வேருசெனக’ என்று தெலுங்கு எழுத்தில் கொடுத்தால் அப்பகுதி விவசாயிகளுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளும் நமக்குக் கிடைக்கும்.

மூன்று சிறு சொற்கள்

சொற்களை எவ்வாறு இணைப்பது என்பது அடுத்த படி. ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854 இல் வெளியிட்ட நூலிலிருந்து கிளைத்த முறையே இது. இதனை ஊர்க் கணக்கால் விளக்கலாம்.

ஊரில் கிணறு வைத்திருப்போர் பட்டியல் ஒன்று. கரும்பு பயிரிடுவோர் பட்டியல் ஒன்று. இரண்டிலும் பெயர் உள்ளவர் யார் என்று கேட்டால் பட்டியல் சுருங்கும். இதற்குரிய ஆங்கிலச் சொல் ‘அண்ட்’. இரண்டில் ஏதேனும் ஒன்றில் பெயர் இருந்தாலும் போதும் என்றால் பட்டியல் விரியும். இதற்குரிய சொல் ‘ஆர்’. கிணறு உள்ளவருள் கரும்பு பயிரிடாதவர் மட்டும் வேண்டும் என்றால் ஒரு பகுதி நீங்கும். இதற்குரிய சொல் ‘நாட்’; சில இடங்களில் சொல்லின் முன் கழித்தற்குறி இடுவர். இச்சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுதல் வேண்டும்.

ஒரே பொருளின் பல பெயர்களை ‘ஆர்’ கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வைக்க. வெவ்வேறு கூறுகளை ‘அண்ட்’ கொண்டு இணைக்க. சுருள் பூச்சிக்கு ஆங்கிலத்தில் ‘லீஃப் மைனர்’ என்று பெயர். இதனை மேற்கோள்குறிக்குள் எழுதினால் இரு சொற்களும் அடுத்தடுத்து வரும் கட்டுரைகளே வரும். ஆகவே நம் தேடல் இவ்வாறு அமையும்: (கிரவுண்ட்நட் ஆர் பீநட் ஆர் “அராக்கிஸ் ஹைப்போஜியா”) அண்ட் (“லீஃப் மைனர்” ஆர் அப்ரோயேரிமா ஆர் ஸ்டோமோப்டெரிக்ஸ்).

ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தால் ‘மானாவாரி’க்குரிய சொல்லையோ, ‘தமிழ்நாடு’ என்பதையோ சேர்த்துச் சுருக்குக. ஒன்றுமே வரவில்லையெனில் கடைசியாகச் சேர்த்த சொல்லை நீக்குக. மடையைத் திறப்பதும் அடைப்பதும் போன்றதே இது. வயலின் தேவை அறிந்து செய்ய வேண்டும்.

நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டதும் தேடலை நிறுத்திவிட வேண்டாம். கிணற்றில் ஊற்றுக்கண் தென்பட்டால் அதைப் பின்பற்றித் தோண்டுவோம் அல்லவா? அக்கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியல் அதற்கு முந்திய ஆராய்ச்சிகளைக் காட்டும். அதனை மேற்கோளாகக் கொண்ட பிந்திய கட்டுரைகளையும் களஞ்சியம் காட்டும்.

காலத்தைக் கவனித்தல்

பழைய கட்டுரைகள் பயனற்றவை அல்ல. பூச்சி எப்போது முட்டையிடும், எந்தப் பருவத்தில் பெருகும் என்பன அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றே. சுருள் பூச்சி வறட்சி நீடிக்கும்போது பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும். ஆனால் மருந்தின் பெயர் அப்படியன்று. 1960-களின் கட்டுரைகளில் பி.எச்.சி. தூளைத் தூவுமாறு எழுதியிருப்பதைக் காணலாம். அது 1997 இல் தடை செய்யப்பட்டது. அதன்பின் பெரிதும் பரிந்துரைக்கப்பட்ட எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 இல் தடுத்து நிறுத்தியது. ஆண்டைப் பாராமல் மருந்தை மட்டும் குறித்துக் கொள்பவர் தம் உடலுக்கும், தம் கூலியாட்களின் உடலுக்கும், ஊர்க் கிணற்றுக்கும் கேடு தேடுபவராவார். பூச்சியின் இயல்பைப் பழைய நூலிலும் கற்கலாம். மருந்தையும் அளவையும் இவ்வாண்டின் பரிந்துரையில் மட்டுமே காணல் வேண்டும்.

படித்துத் தேர்தல்

கிடைத்தவற்றையெல்லாம் முழுதும் படிக்க இயலாது. முதலில் சுருக்கத்தைப் படிக்க. பிறகு ஆராய்ச்சி நடந்த முறையைக் கூறும் பகுதிக்குச் சென்று நான்கு வினாக்களுக்கு விடை காண்க.

மண் எத்தகையது? கரிசலில் வெற்றி பெற்றது செம்மண்ணிலும் பெறும் என்பதற்கு உறுதியில்லை. பாசனம் உண்டா, மானாவாரியா? எத்தனை பருவம் சோதித்தனர்? ஒரே பருவத்தின் விளைச்சலை நம்பி ஊர் முழுதும் மாறுதல் தகாது. ஒன்றும் செய்யாத ஒப்பீட்டுப் பாத்தி வைத்திருந்தனரா? அது இல்லையேல் விளைச்சலுக்குக் காரணம் மருந்தா மழையா என்று எவராலும் கூற இயலாது.

இக்காலத்தில் கேட்டவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துள்ளன. சொற்களைத் திரட்டவும், ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் அறியவும் அவை உதவும். எனினும் இல்லாத கட்டுரையை இருப்பது போல் அவை சொல்வதுண்டு. அவை கூறும் தலைப்பைக் களஞ்சியத்தில் தேடிக் கண்ட பின்னரே நம்புக.

பஞ்சாயத்து செய்யக் கூடியது

இப்பணியை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. ஊர் நூலகத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ‘தேடற் பதிவேடு’ ஒன்று வைக்கலாம். கேள்வி, தேடிய நாள், பயன்படுத்திய சொற்கள், கிடைத்த கட்டுரையின் தலைப்பும் ஆண்டும், அதனை உறுதி செய்த அலுவலர், வயலில் கண்ட பலன் என ஆறு பத்திகள் போதும். ஒருவர் ஒரு நாள் முழுதும் தேடிக் கண்ட சொல் அடுத்தவர்க்கு ஒரு நொடியில் உதவும். பயிருக்கும் பூச்சிக்கும் உரிய தமிழ், தெலுங்கு, ஆங்கில, விஞ்ஞானப் பெயர்களைப் பள்ளி மாணவரைக் கொண்டு ஒரு பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டலாம். கிராம சபை கூடும்போது பதிவேட்டைப் படித்துக் காட்டலாம்.

தேடிக் கண்டதை நேரே வயலில் இறக்குதல் கூடாது. திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தாரிடமோ காட்டிக் கருத்துக் கேட்க. 2004 இல் தொடங்கப்பெற்ற கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். வெறுங்கையுடன் சென்று “என்ன மருந்து?” என்று கேட்பதற்கும், “இக்கட்டுரை இவ்வாறு கூறுகிறது, நம் மண்ணுக்கு இது ஒக்குமா?” என்று கேட்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பின்னவ்வாறு கேட்பவர்க்கு விடையளிக்க அலுவலரும் ஆராய்ந்தே வர வேண்டியிருக்கும். அதன்பின்னும் முதலில் ஒரு சிறு பாத்தியில் சோதித்துப் பார்த்தல் அறிவுடைமை.

ஆராய்ச்சி நிலையங்கள் மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுபவை. அங்கு விளைந்த அறிவு நமக்கும் உரியது. கேள்வியைப் பகுத்து, பெயர்களைத் திரட்டி, சொற்களை முறையாக இணைத்து, ஆண்டையும் மண்ணையும் நோக்கித் தேடுவோமாயின் அந்த அறிவு களத்திலிருந்து நம் வீடு வந்து சேரும். இவ்வாரமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பதிவேட்டின் முதற் பக்கத்தை எழுதத் தொடங்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் விவசாயப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.